ஒரு வெள்ளைப் புள்ளியை எடுத்துக்கொண்டு கொல்லிமலைக்கு

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அருவியில் குளிக்கப் போவார்கள். நான் ஒரு கடிதத்தையும் ஒரு படத்தையும் கொடுக்கப் போனேன். படத்தில் கடல் சாம்பல் நிறத்தில் இருக்கும். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிதான் பழனியம்மாவின் கணவர் வெள்ளையன் சமையல்காரராக இருந்த மீன்பிடிப் படகு. அந்தப் படம் எடுக்கப்பட்ட புதன்கிழமைக் காலைக்குப் பிறகு அந்தப் படகை யாரும் பார்க்கவில்லை.

நான் தூத்துக்குடிக்காரி. பிழைப்பு பெங்களூரில். செயற்கைக்கோளில் இருக்கும் ரேடார் கடலைப் படம் பிடித்து அனுப்பும். அதில் எது கப்பல், எது படகு, எது வெறும் அலை என்று பார்த்துச் சொல்வது அப்போது என் வேலை. கேமராவுக்கு மேகம் வந்தால் கண் தெரியாது. ரேடாருக்கு மேகம், மழை, இருட்டு எதுவும் ஒரு பொருட்டில்லை. இரும்பு எங்கே மிதந்தாலும் வெள்ளையாகக் காட்டிவிடும்.

படகு போய் இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் அலுவலகத் தொலைபேசியில் ஒரு பெண் குரல்.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு படகைக் கடைசியா பாத்தது நீங்கதானுங்களா?"

படகுச் சங்கத்துக்காரர்கள் எண் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு ஒரு சான்றுக் கடிதம் வேண்டும். காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று முடிவு கட்ட ஏழு வருஷம் ஆகும் என்கிறார்களாம். அதுவரை வெள்ளையன் பேரில் இருக்கும் நிலத்தில் எதற்கும் கையெழுத்துப் போட ஆளில்லை. தக்க சான்று இருந்தால் முன்னாலேயே மனு கொடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தபாலில் அனுப்பினால் போதும் என்றார் என் மேலாளர். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் நின்றபோது டீக்கடைக்காரர் எச்சரித்தார். "மேல போறீங்களா? ரெண்டு இட்லியோட நிறுத்திக்கங்க." கடற்கரைக்காரிக்கு ஆட்டம் புதிதா என்ற திமிரில் நான்கு சாப்பிட்டேன். பதினைந்தாவது வளைவில் அந்தத் திமிர் அடங்கியது. படகு முன்னும் பின்னும் ஆடும், உடம்பு பழகிக்கொள்ளும். இந்த மலைப்பாதை ஆளை ஒரு பக்கம் திருப்பி, நிமிர்வதற்குள் மறுபக்கம் திருப்புகிறது. மொத்தம் எழுபது வளைவு. பக்கத்தில் இருந்த அம்மா தன் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்துக்கங்க அம்மணி. வெளிய பாக்காதீங்க."

பாதி மலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. எங்கள் பஸ்ஸின் பின் சக்கரத்துக்கு யாரோ இறங்கிக் கல் வைத்தார்கள். யாருக்கும் அவசரமில்லை. ஒருவர் சாலையோரச் சுவரில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றார். பின்னால் வந்த வண்டிக்காரர், "அவன் ஒருமணி நேரத்துக்கு நகர மாட்டானுங்க" என்று சொல்லி எஞ்சினை நிறுத்தினார். அந்த ஒரு மணி நேரம் என்ற சொல்லைக் கேட்டதும் மடியிலிருந்த பையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"சுத்திப் பாக்க வந்தீங்களா?" என்றார் எலுமிச்சை அம்மா.

பழனியம்மாவைப் பார்க்க வந்திருப்பதாகச் சொல்லி ஊர்ப்பெயரைச் சொன்னேன்.

"கடல்ல போனவரு ஊடுங்களா?" அவர் முகம் மாறியது. "ரெண்டு வருசமா அந்த ஊட்டுல சாவும் இல்ல, வாழ்வும் இல்லீங்க. காரியம் பண்ணலாம்னு மாமனாரு சொல்றாரு. அந்தப் புள்ள ஒத்துக்க மாட்டேங்குது."

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது. கடலுக்குப் போனவர் வராவிட்டால் இத்தனை நாள் காத்திருப்பது, பிறகு கோயில் மணி அடிப்பது, கல்லறைத் தோட்டத்தில் ஆள் இல்லாமலே ஒரு சிலுவை நடுவது என்று எல்லாவற்றுக்கும் வழக்கம் உண்டு. என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் நட்டோம். அழுவதற்கு ஓர் இடம் கிடைத்துவிடும். இந்த மலையில் பாம்பு கடித்தால் என்ன செய்வது, மரத்திலிருந்து விழுந்தால் என்ன செய்வது என்று தெரியும். கடலில் போனவனுக்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இதற்கு முன் யாரும் அப்படிப் போனதில்லை.

செம்மேட்டிலிருந்து காய்கறி ஏற்றும் சிறிய வண்டியில் முன்சீட்டில் இடம் கிடைத்தது. ஊர் எல்லையில் பழனியம்மா நின்றிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் அங்கே அப்படித்தான் போடுகிறார்கள் என்றாலும், அந்தச் சட்டை அவளுக்கு மிகப் பெரிதாக இருந்தது. யாருடையது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

வீட்டில் அவளும் மாமனார் பெரியசாமியும் மட்டும். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பெரியசாமி என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் அதிகாரி என்று நினைத்துவிட்டார். "அப்படியெல்லாம் இல்லீங்க ஐயா" என்று சொல்லி உட்காரவைப்பதற்குள் போதும்போதும் என்றாகிவிட்டது.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள் பழனியம்மா. குழம்பில் மிளகாயைவிட மிளகுதான் தூக்கலாக இருந்தது. காலையில் பட்ட பாட்டுக்கு அது தேவாமிர்தம். "உங்க ஊருல மீனு இல்லாம இறங்காதுங்களாம். செம்மேட்டுச் சந்தைக்கு மீனு வருது. நாங்கதான் இப்ப எடுக்கறதில்லீங்க" என்றாள். நான் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்ட கையைக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "குடுங்க, பாக்கறேன்."

படத்தைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள்.

"இதுல எதுங்க?"

காட்டினேன். புள்ளியின் மேல் விரலை வைக்காமல் அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆளு தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க. இரும்பு மட்டும்தான் தெரியும்."

"படகு நேரா நின்னுதா, கவுந்து கெடந்துதா?"

"நேராத்தான் இருந்திருக்கணும். நீளம் சரியா இருக்கு."

பெரியசாமி எட்டிப் பார்த்தார். பழனியம்மா படத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

"சுத்தி யாருமே இல்லீங்களா?"

"இந்தப் படத்துல இல்லீங்க" என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அப்படிச் சொன்னது பாவம். ஏனென்றால் அந்தப் படம் வெட்டப்பட்டது. அலுவலகத்தில் புள்ளியைச் சுற்றி ஒரு சதுரம் மட்டும் வெட்டிக் கடிதத்தோடு தந்திருந்தார்கள். மற்றக் கப்பல்களின் இடத்தை வெளியாருக்குக் கொடுக்கக்கூடாது என்பது விதி. வெட்டாத முழுப்படத்தை, கிளம்பும் அன்று யாரிடமும் சொல்லாமல் அச்செடுத்து என் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். காட்டுவேனா என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலை அவளோடு காட்டுக்குப் போனேன். வயலை அங்கே காடு என்கிறார்கள். மேல்பகுதியில் மரவள்ளி. கீழே உயரமான மரங்களைச் சுற்றி மிளகுக்கொடி. எங்கள் ஊரில் நிமிர்ந்து பார்த்தால் வானம், நேரே பார்த்தால் கடல். இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் பார்வையை ஒரு சரிவு தடுத்துவிடுகிறது. எனக்கு மூச்சு முட்டியது. அதைச் சொன்னேன். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அவரு கடலைப் பத்தி அப்படித்தான் சொல்லுவாரு. மேற்க மிளகு பறிக்கத்தானுங்க போனாரு. அங்க பழக்கமான ஒருத்தரு படகுல சமையலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. போன் பண்ணி, கடல் எப்படியிருக்குன்னு கேட்டனுங்க. 'பாக்க ஒண்ணுமே இல்ல புள்ள, மேடு பள்ளமே கெடையாது'ன்னாரு. நீச்சலும் தெரியாதுங்க அவருக்கு. போறப்ப நம்ம மிளகு ரெண்டு படி கட்டிக் குடுத்தேன். படகுல எல்லாரும் அவரு குழம்பைத்தான் கேப்பாங்களாம்."

சொல்லிவிட்டுக் கொடியை இழுத்துக் கட்டினாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பையிலிருந்து முழுப்படத்தை எடுத்தேன்.

"பழனியம்மா, நேத்து உங்ககிட்ட முழுசாச் சொல்லலை. இது அந்தக் காலைல எடுத்த முழுப்படம்."

வெள்ளைப் புள்ளி இதில் சிறியதாக இருந்தது. அதற்கு வடக்கே ஒன்று, மேற்கே இரண்டு, கீழே ஓரத்தில் ஒன்று என்று பெரிய வெள்ளைக் கோடுகள்.

"இதெல்லாம் என்னங்க?"

"கப்பல். பெரிய கப்பல்."

அவள் எண்ணினாள். வாய்விட்டு எண்ணினாள். பிறகு வடக்கே இருந்த ஒன்றைக் காட்டினாள்.

"இது எவ்வளவு தூரங்க? இங்கிருந்து செம்மேடு தூரம் இருக்குமா?"

"அதைவிடக் கொஞ்சம் கூட. கப்பல் திரும்பி வந்திருந்தா, காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள்ள வந்திருக்கும்."

"அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. மழை. படகுல மின்சாரம் போயிருக்கணும், விளக்கு இல்ல, ரேடியோ இல்ல. யாராவது சொன்னாத்தான் தெரியும். சொல்ல வேண்டியவ நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமைப் புயலில் தொடர்பு அறுந்த அந்தப் படகைக் கடலில் தேடிக்கொண்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு எங்கள் செயற்கைக்கோள் அந்தக் கடலைக் கடந்தது. அதற்குப் பார்க்கத்தான் தெரியும், பார்த்தது என்ன என்று தெரியாது. கடலில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அப்படியே மூட்டை கட்டி வைத்துக்கொண்டு, தரைநிலையத்துக்கு மேலே வந்த பிறகுதான் கீழே கொட்டும். மூட்டை பெரிது, வந்து சேரவே நேரமாகும். பிறகு கணினிகள் அதைப் படமாக்க வேண்டும். வரிசையில் வேறு படங்கள் இருந்தன. என் மேசைக்கு வந்தபோது பகல் பன்னிரண்டு.

"நான் பார்த்தேன் பழனியம்மா. உடனே பார்த்தேன். ஆனா அது படகா, பெரிய அலையான்னு எனக்குச் சந்தேகம். தப்பாச் சொல்லி, தேடுறவங்களை வேற பக்கம் இழுத்துட்டா என்ன பண்றதுன்னு பயம். திரும்பத் திரும்பப் பார்த்துட்டு ஒரு மணிக்கு மேலதான் சொன்னேன். அவங்க அங்க போய்ச் சேர்ந்தப்ப சாயங்காலம். படகு நம்பர் எழுதின பீப்பாய் ஒண்ணு மட்டும் மிதந்துச்சு."

"ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தா?"

"தெரியலைங்க."

இரண்டு வருஷமாக நானும் அந்தக் கேள்விக்கு இந்தப் பதிலைத்தான் வைத்திருக்கிறேன்.

அவள் படத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை. திட்டவும் இல்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரவள்ளிப் பக்கம் ஏறிப் போய்விட்டாள். நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். வெட்டும் சத்தம் மட்டும் மேலேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. மதியம் பெரியசாமி வந்து என்னைச் சாப்பிடக் கூட்டிப் போனார். அவள் வரவில்லை.

"அதும்பாட்டுக்கு வுட்டுருங்க கண்ணு" என்றார் அவர். "அழுதுட்டு வரட்டும். ரெண்டு வருசமா அழுவல."

சாயங்காலம் அவள் கிழங்கோடு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. கிழங்கை வேகவைத்து எனக்கும் ஒரு தட்டில் வைத்தாள். தட்டை நகர்த்தும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வெறும் உப்புப் போட்ட கிழங்கு. மாவாகக் கரைந்தது. அவள் மன்னித்துக் கொடுத்ததா, வீட்டுக்கு வந்தவள் என்று கொடுத்ததா என்று தெரியாமலே சாப்பிட்டேன்.

"இப்பவும் அப்படித்தானுங்களா? ஒருநாள் பூரா ஆகுமா?" என்றாள் திடீரென்று.

"இல்லீங்க." இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. "அதுக்கப்புறம் நான் அந்த மேசையை விட்டு வேற குழுவுக்குப் போயிட்டேன். செயற்கைக்கோள்லயே ஒரு சின்னக் கணினி வச்சிருக்கோம். மேலேயே படமாக்கி, மேலேயே படகு எது, அலை எதுன்னு பார்த்துடும். மூட்டையை அனுப்பாது. இந்த இடத்துல இவ்வளவு நீளத்துல ஒண்ணு நிக்குதுன்னு ரெண்டு வரி மட்டும் அனுப்பும். அதை அடுத்திருக்கிற இன்னொரு செயற்கைக்கோள் வழியா உடனே அனுப்பிடலாம்."

பெரியசாமி கேட்டுக்கொண்டிருந்தார். "கதிரைக் கட்டோட கீழ இறக்காம, காட்டுலயே அடிச்சு மணியை மட்டும் கொண்டுபோற மாதிரிங்களா?"

"அதேதாங்க ஐயா." எங்கள் அலுவலகத்தில் இதை விளக்க நாற்பது பக்கம் எழுதினோம்.

"இப்பன்னா எவ்வளவு நேரமாகும்?" பழனியம்மா விடவில்லை.

"சில நிமிஷம்."

"இந்தக் கிழங்கு வேகறதுக்குள்ள?"

"வேகறதுக்குள்ள."

அவள் கையிலிருந்த கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டாள். "நல்லதுங்க" என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் மூவரும் செம்மேட்டுக்குப் போனோம். சந்தை நாள். பலாப்பழமும் வாழைத்தாரும் சாலைவரை வந்துவிட்டிருந்தன. பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. தாலுகா ஆபீசுக்கு எதிரே மனு எழுதித் தருகிறவர் மேசை போட்டிருந்தார். என் கடிதத்தைப் படித்தார், தலையாட்டினார், பேனாவைத் திறந்தார்.

"இறந்த தேதி?"

"செவ்வாக்கெழமைங்க" என்றார் பெரியசாமி. "அன்னிக்கு ராத்திரியே படகு முழுகிருச்சுன்னு சங்கத்துல எழுதிக் குடுத்திருக்காங்க." அந்தக் காகிதத்தையும் எடுத்து நீட்டினார். "எல்லாக் காகிதத்துலயும் ஒரே தேதி இருந்தாத்தான் சீக்கிரம் ஆகும்ங்க."

மனு எழுதுகிறவர் எழுதப் போனார்.

"புதன்" என்றாள் பழனியம்மா.

"அம்மா, சங்கத்துக் காகிதத்துல—"

"செவ்வாய்னு எழுதுனா, புதன்கெழமை காலையில அங்க நின்னது யாருங்க?"

பேனா நின்றது. அவள் சட்டைப்பையிலிருந்து மடித்த படத்தை எடுத்து மேசையில் விரித்தாள். வெட்டாத முழுப்படம். மடித்த கோடு நேராகக் கடலின் நடுவே போனது.

"மாமா, ஒரு ராத்திரி பூரா அவரு அந்தப் புயல்ல உசுரோட இருந்திருக்காரு. நீச்சல் தெரியாத மனுசன் விடியறவரைக்கும் இருந்திருக்காரு. அந்த ராத்திரியை நாம இல்லைன்னு எழுதிட்டா எப்படிங்க?"

பெரியசாமியின் வாய் கோணியது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து, பக்கத்தில் மனுவோடு நின்றவர்கள் விலகி இடம் விட்டார்கள். அழுது முடித்துவிட்டு அவரே சொன்னார்: "புதன்னே எழுதுங்க சாமி."

"இந்தப் படத்தையும் சேத்து வையுங்க" என்றாள் அவள். "கப்பலு இருக்கறதையும் அவங்க பாக்கட்டும்."

மனு எழுதுகிறவர் என்னைப் பார்த்தார். "இதுல உங்க ஆபீஸ் முத்திரை இல்லீங்களே. யாரு எடுத்ததுன்னு எப்படி நம்பறது?"

கையெழுத்துப் போட்டால் விதியை மீறியவள் நான்தான் என்பதற்கு நானே சான்று. படத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் என் பெயர், வேலை, செயற்கைக்கோள் கடந்த நேரம், என் மேசைக்கு வந்த நேரம், நான் சொன்ன நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடைசி இரண்டு நேரங்களுக்கு அடியில் கோடு போட்டேன். பழனியம்மா அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு, "போதுங்க" என்றாள்.

மதியப் பஸ்ஸில் ஏற்றிவிட வந்தவள் ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். மிளகு. "குழம்புக்குப் போட்டுக்கங்க" என்றாள். போய்ட்டு வரேன் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் நகர்ந்ததும் அவள் திரும்பிப் பார்க்காமல் ஆபீஸ் பக்கமே நடந்தாள். இறங்குகிற வளைவுகளில் எனக்குக் குமட்டவில்லை. பின்சீட்டில் ஒருத்தி யாருக்கோ போனில், "மூட்டை ஏத்தியாச்சு, நீ ரோட்டுக்கு வந்துரு" என்று கத்திக்கொண்டே வந்தாள். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் நான் வழி முழுக்க அழுதிருப்பேன்.

பெங்களூர் வந்ததும் மேலாளரிடம் நானே சொன்னேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நடந்ததை எழுதிக் கொடுத்தேன். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. வேலை இருக்கிறது.

சான்றிதழ் வர ஆறு மாதம் ஆனது. புதன்கிழமை என்றுதான் வந்தது. அதற்குப் பிறகு காரியம் செய்தார்களாம். எங்கே செய்வது என்ற பேச்சு வந்தபோது, மிளகுக்காட்டில் என்று அவள் சொன்னாளாம். நான் போகவில்லை. அவர்கள் என்னைக் கூப்பிடவும் இல்லை.

ஆனால் மலையில் மழை பிடித்தால் போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

"அக்கா, கடல்லயும் மழைங்களா?"

"ஆமா பழனியம்மா."

"படகு இருக்குங்களா வெளிய?"

திரையைப் பார்ப்பேன். செயற்கைக்கோள் சற்று முன்தான் கடந்திருக்கும். வரிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும்.

"இருக்கு. எல்லாம் கரையைப் பார்த்துத்தான் வந்துட்டிருக்கு."

"எதுவும் நிக்கலீங்களே?"

மறுபடி ஒருமுறை பார்ப்பேன். அவள் காத்திருப்பாள். மலையில் மழை பெய்கிற சத்தம் போனில் கேட்கும்.

"நிக்கலை."

"சரிங்க" என்று வைத்துவிடுவாள்.